வயிறு போகும்போது தண்ணீரை நிறுத்தாதீர்கள்



காய்ச்சல் வந்தால் நாம் பயப்படுகிறோம். பாம்பு கடித்தால் லயமே ஓடி வருகிறது. ஆனால் பிள்ளைக்கு வயிறு போனால் மட்டும், "ரெண்டு தரம் போனா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். அநேகமாக அது தானாகவே சரியாகியும் விடுகிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படிச் சரியாவதில்லை. காலையில் பெரட்டுக்குப் போகும்போது விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கண் குழி விழுந்து, தலை தூக்க முடியாமல் படுத்துவிடலாம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உலகம் முழுவதும் வருடத்துக்கு 4 இலட்சத்துக்கும் மேல் வயிற்றோட்டத்தால் இறக்கிறார்கள். இந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்க முடியும். அதற்கு வேண்டியது விலை கூடிய மருந்தல்ல. வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாலைந்து விடயங்கள்தான். அவற்றைத்தான் இந்த இதழில் பாடமாகப் பார்க்கப் போகிறோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்பவர்கள் அநேகமாக அவர்கள்தானே.

எது வயிற்றோட்டம்?

ஒரு நாளில் மூன்று தரம், அல்லது அதற்கு மேல் தண்ணீராக மலம் போனால் அதை வயிற்றோட்டம் என்கிறோம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தை ஒரு நாளைக்குப் பல தரம் இளக்கமாகப் போவது வழக்கம். பிள்ளை நன்றாகக் குடித்து, நன்றாகத் தூங்கி, எடை கூடி வந்தால் அது நோய் அல்ல. வழக்கத்தை விடத் தண்ணீராக, அடிக்கடி போனால்தான் கவனிக்க வேண்டும்.

மலத்தோடு இரத்தமும் சளியும் போனால் அது வயிற்றுளைவு. சீதபேதி என்றும் சொல்வார்கள். இதற்கு வீட்டு வைத்தியம் போதாது. டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

"பல்லு மொளைக்குது, அதுதான் வயிறு போகுது" என்று நமது ஆட்கள் சொல்வதுண்டு. பல் முளைப்பதால் வயிறு போவதில்லை. பல் முளைக்கிற வயதில்தான் பிள்ளை தவழ்ந்து போய், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும். இஸ்தோப்பில் கிடக்கிற அழுக்கும், ஈ மொய்த்த ரொட்டித் துண்டும் வாய்க்குள் போகும். கிருமி அந்த வழியாகத்தான் வருகிறது. "பல்லுதானே" என்று விட்டுவிட்டால் கவனிக்க வேண்டிய நேரம் போய்விடும்.

ஒரு போத்தலை வைத்து ஒரு பாடம்

ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுங்கள். அடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்புங்கள். வாயின் மேல் ஒரு நனைந்த மெல்லிய துணியைத் தண்ணீரில் படும்படி வையுங்கள். இந்தப் போத்தல்தான் நமது பிள்ளை. மேலே உள்ள துணி, கைக்குழந்தையின் உச்சிக்குழி.

இப்போது விரலை எடுங்கள். தண்ணீர் கீழே போகப் போக மேலே உள்ள துணி உள்ளே குழி விழும். வயிறு போகிற பிள்ளைக்கு உச்சிக்குழி பள்ளமாவது இப்படித்தான்.

மறுபடி மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. தண்ணீரும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் போத்தல் வற்றவில்லை. ஏன்? போகிற அளவு மேலே வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. வயிற்றோட்டம் பெரும்பாலும் சில நாட்களில் தானாக நின்றுவிடும். அதுவரை பிள்ளையின் உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் நமது வேலை. வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது, உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

ஒரு கணக்கும் பார்ப்போம். பத்துக் கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து அரை லீட்டர் தண்ணீர் போனால் கண் குழி விழும், வாய் காயும், தாகம் எடுக்கும். ஒரு லீட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு லீட்டர் என்பது ஒரு பெரிய சோடாப் போத்தலின் அளவுகூட இல்லை. அது ஒரு நாளுக்குள் போய்விடக்கூடியது.

"தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகும்" என்று பயந்து தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இன்னும் நமது லயங்களில் இருக்கிறார்கள். நிறுத்தினால் மலம் குறைவது போலத் தெரியலாம். போத்தலைப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் ஓட்டையால் எதுவும் போகாதுதான். அதை நோய் நின்றதாக நினைக்கலாமா?

உப்பும் சீனியும் செய்கிற வேலை

நமது முன்னோர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த காலத்தில், அந்த வழியிலேயே பலர் வாந்திபேதியால் இறந்தார்கள். பாட்டன் பூட்டன் சொல்லி நாம் கேட்ட கதைதான் இது. வாந்திபேதியும் ஒரு வகை வயிற்றோட்டம்தான். அன்றைக்கு அதற்கு என்ன செய்வது என்று எவருக்கும் சரியாகத் தெரியாது.

பிறகுதான் ஒரு சின்ன உண்மை தெரிய வந்தது. வயிறு போகிற நேரத்தில் வெறும் தண்ணீரைக் குடல் நன்றாக உறிஞ்சுவதில்லை. ஆனால் தண்ணீரில் சரியான அளவு உப்பும் சீனியும் இருந்தால், சீனி உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. உப்புப் போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னால் போகிறது. குடலில் நோய் இருக்கும்போதே இந்த வேலை நடக்கிறது.

1971இல் வங்காளதேச விடுதலைப் போர் நடந்தபோது, இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பொங்கான் என்ற இடத்து முகாமில் வாந்திபேதி பரவியது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. நரம்பில் ஏற்றுகிற சேலைன் போத்தல்களும் முடிந்துகொண்டிருந்தன. அங்கே வேலை செய்த டொக்டர் திலீப் மஹலநோபிஸ், உப்பும் குளுக்கோசும் சேர்ந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்களில் அநேகர் தாதிமார்கூட அல்ல. நோயாளியின் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்கள்தான். நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

அங்கே கொடுத்தது போன்ற உப்புச் சீனிப் பொடிதான் இன்றைக்கு நமது நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரில் பக்கற்றாகக் கிடைக்கிறது. அகதி முகாமில் ஒரு தாய் கரண்டியால் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்தது என்றால், நமது லயத்துக் காம்பராவிலும் முடியும்.

ஜீவனியைச் சரியாகக் கரைப்பது எப்படி?

1. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான பாத்திரமும் கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எவ்வளவு தண்ணீர் என்று பக்கற்றிலேயே எழுதியிருக்கும். ஒரு லீட்டர் என்று எழுதியிருந்தால் சரியாக ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர் எடுங்கள். அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலில் இரண்டு தரம் அளந்தால் ஒரு லீட்டர். சாராயப் போத்தலில் அளக்காதீர்கள். அது 750 மில்லிலீட்டர்தான். அதில் கரைத்தால் உப்புக் கூடிவிடும்.

3. முழுப் பக்கற்றையும் ஒரே தரத்தில் கொட்டிக் கரையுங்கள். "பாதி இப்ப, பாதி நாளைக்கி" என்று கண் அளவில் பிரிக்கக் கூடாது. உப்புக் கூடினாலும் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பலன் இல்லை.

4. கரைத்த பிறகு அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது. பாலில், தேத்தண்ணியில், சோடாவில் கரைக்கக் கூடாது. மேலும் சீனி போடக் கூடாது.

5. மூடி வையுங்கள். 24 மணித்தியாலம் ஆனால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

குளுக்கோஸ் தூள் வேறு, ஜீவனி வேறு. குளுக்கோஸில் உப்பு இல்லை. கடையில் வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் ஜீவனியின் வேலையை அது செய்யாது.

இராத்திரி நேரம், வீட்டில் ஜீவனி இல்லை. என்ன செய்வது? ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில், தேக்கரண்டியால் தட்டையாக வழித்த ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. அவ்வளவுதான். கரைத்து முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி கரையுங்கள். இது விடியும் வரைக்கும் சமாளிப்பதற்கு. விடிந்ததும் டிஸ்பென்சரியில் அல்லது மிட்வைப் அம்மாவிடம் ஜீவனி வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு தரம் தண்ணீராகப் போன பிறகும் கொடுக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, கால் கிளாஸ் முதல் அரைக் கிளாஸ் வரை (50 முதல் 100 மில்லிலீட்டர்).

இரண்டு முதல் பத்து வயது வரை, அரைக் கிளாஸ் முதல் ஒரு கிளாஸ் வரை (100 முதல் 200 மில்லிலீட்டர்).

அதற்கு மேற்பட்டவர்கள் குடிக்க முடிந்த அளவு குடிக்கலாம்.

சின்னப் பிள்ளைக்குப் பால் போத்தலில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இந்தத் தரம் இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி. "வாந்தி எடுக்குது, உள்ளுக்கு ஒண்ணும் தங்குதில்ல" என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி எடுத்தாலும் கொடுத்ததில் ஒரு பங்கு உள்ளே தங்கத்தான் செய்யும்.

ஜீவனியோடு சோற்றுக் கஞ்சி, கொதித்தாறிய தண்ணீர், கிடைத்தால் செவ்விளநீர் ஆகியவற்றையும் கொடுக்கலாம். சோடா, போத்தல் குளிர்பானம், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி ஆகியவை வேண்டாம். கூடுதலான இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தை அதிகமாக்கும்.

பட்டினி போடாதீர்கள்

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கத்தை விட அடிக்கடி கொடுங்கள். "தாய்க்குச் சூடு, பால் ஒத்துக்கல்ல" என்று சொல்லிப் பாலை மறக்கடிப்பது பெரிய தீங்கு. தாய் மலையில் இருந்தால், பால் கொடுக்க வருகிற நேரத்தை அன்றைக்குக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று கங்காணியிடம் கேளுங்கள்.

சாப்பிடுகிற பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும், மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அவித்த முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பட்டினி கிடக்கிற குடல் சீக்கிரம் ஆறாது. நோய் மாறிய பிறகும் இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு நேரச் சாப்பாடு கூடுதலாகக் கொடுங்கள். அடிக்கடி வயிறு போகிற பிள்ளைகள்தான் கிளினிக் அட்டையில் எடை ஏறாமல் நிற்கிறார்கள்.

டொக்டர் துத்தநாக மாத்திரை, அதாவது சிங்க் மாத்திரை கொடுத்தால், வயிறு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்கள். வழக்கமாக 10 முதல் 14 நாள் வரை. அடுத்த சில மாதங்களில் மறுபடி வயிற்றோட்டம் வராமல் இருக்கவும் அது உதவுகிறது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

- பிள்ளை சோர்ந்து, எழுப்பினாலும் சரியாக எழும்பாமல் கிடக்கிறது
- குடிக்க முடியவில்லை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாகப் போகிறது
- கண் குழி விழுந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் காய்ந்துவிட்டது
- வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி போகாமல் மடிந்து நிற்கிறது
- ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சலம் போகவில்லை
- மலத்தில் இரத்தம் இருக்கிறது
- கடும் காய்ச்சல் அல்லது வலிப்பு இருக்கிறது
- கஞ்சித் தண்ணி போல மலம் நிற்காமல் போகிறது

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், வயதானவருக்கும் வயிற்றோட்டம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் காட்டுங்கள்.

மேல் கணக்கு டிவிசனிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே போகிற வழியிலும் ஜீவனியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. காசு இல்லை. தமிழிலேயே பேசலாம். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், வாகனம் எதுவரை வரும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். "இன்னைக்கி போனா ஒரு பேர் போயிடும்" என்று நாளைத் தள்ளிப் போடுகிறோம். ஒரு நாள் பேர் என்றால் வீட்டில் அரிசி, மா, கடன் எல்லாம் அதில் இருக்கிறது. அதை நாங்கள் சின்ன விடயமாகச் சொல்லவில்லை. ஆனால் நேரத்தோடு போனால் அரை நாளில் திரும்பலாம். தள்ளிப் போட்டால் பிள்ளையோடு ஒரு கிழமை வார்ட்டில் இருக்க நேரிடும். அதனால்தான் முதல் தரம் தண்ணீராகப் போகும்போதே ஜீவனியைத் தொடங்கச் சொல்கிறோம். முதலிலேயே தொடங்கினால் அநேகமானவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் தேவையே வராது.

செய்யக் கூடாதவை

வயிற்றைக் 'கட்டுகிற' மாத்திரையைக் கடையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அது குடலின் அசைவை நிறுத்திவிடும். உள்ளே கிருமியும் தண்ணீரும் தேங்கும், வயிறு உப்பும், பிள்ளை மயங்கும். போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக் மாத்திரையும் வேண்டாம். பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கு அது தேவையில்லை. தேவையா இல்லையா என்று டொக்டர் சொல்லட்டும்.

ஓமத்தண்ணி, கொத்தமல்லித் தண்ணி கொடுப்பவர்கள் கொஞ்சமாகக் கொடுங்கள், குற்றமில்லை. திருநீறு போடுங்கள், நூலும் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன் ஜீவனியைக் கரைத்துவிடுங்கள்.

வயிற்றுவலி: எது சாதாரணம், எது ஆபத்து?

வயிறு போகும்போது விட்டு விட்டு முறுக்கி வலிப்பது சாதாரணம். மலம் போனதும் குறையும். ஆனால் வயிற்றுவலி எல்லாம் ஒன்றல்ல.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலது பக்கம் அடிவயிற்றுக்கு வந்து நிற்கிற வலி, நடந்தால் இருமினால் கூடுகிற வலி, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இதற்குப் பேதிக்குக் கொடுக்கக் கூடாது. ஆமணக்கெண்ணெய் கொடுத்தால் குடல்வால் வெடித்துவிடலாம். கல்லுப் போல இறுகிய வயிறு, மலமும் வாயுவும் போகாமல் உப்பிய வயிறு, கர்ப்பிணித் தாயின் வயிற்றுவலி, பச்சை நிற வாந்தி ஆகியவையும் ஆஸ்பத்திரிக்கு உரியவை.

நாற்பது வயது தாண்டியவருக்கு மேல்வயிற்றில் வலி வந்து, வியர்த்துக்கொட்டி, மூச்சு முட்டினால் "காஸ்" என்று சோடா கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். மாரடைப்பும் சில வேளை இப்படித்தான் வரும்.

மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வந்து, அதோடு வாயில் எச்சில் ஊறி, வியர்த்து, கண் மங்கினால் அது நஞ்சு ஏறியதாக இருக்கலாம். உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்து டின்னின் லேபலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பசி நேரத்தில் நெஞ்சுக்குக் கீழே எரிந்து வலிப்பது நமது தோட்டங்களில் சாதாரணமாகக் கேட்கிற முறைப்பாடு. வெறும் வயிற்றில் சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போவது, பகல் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளுவது, முதுகு வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது, சாராயம், புகையிலை எல்லாம் சேர்ந்துதான் இதைக் கூட்டுகின்றன. காலையில் பாதி ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், அல்லது வாந்தியில் இரத்தம் வந்தால், உடனே போங்கள்.

வராமல் தடுப்பது

1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மருந்து குடித்தால் புழு வெளியே போய்விடும். ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில் அதே ஆட்களுக்கு மறுபடி புழு வந்தது. இந்த அனுபவம் வயிற்றோட்டத்துக்கும் பொருந்தும். ஒருவர் வயிற்றிலிருந்து போனது இன்னொருவர் வாய்க்கு வருகிற வழியை அடைக்காவிட்டால், மருந்து குடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த வழிகள் மூன்று.

*தண்ணீர்.* ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். "எங்க பாட்டன் காலத்திலிருந்து இந்தப் பீலித் தண்ணிதான்" என்பார்கள். ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்ததுண்டா? மாட்டுப்பட்டியோ, மலசலகூடமோ, மருந்து அடிக்கிற மலையோ இருந்தால் மழை பெய்கிறபோது எல்லாம் கீழேதான் வரும். கானுக்குள் கிடக்கிற குழாயில் வெடிப்பு இருந்தாலும் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர்த் தாங்கி திறந்து கிடந்தால், குழாய் உடைந்திருந்தால், நலன்புரி உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் லயத்து ஆட்கள் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சூடாவது போதாது, குமிழ் விட்டுத் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படிக் கொதித்தால் கிருமி சாகும். நுவரெலியா போன்ற உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே, ஏறக்குறைய 94 பாகையில், கொதித்துவிடுகிறது. அங்கே மூன்று நிமிடம் விடுங்கள். விறகுக்குக் கஷ்டம் என்பது உண்மை. இராத்திரிச் சமையல் முடிந்ததும் அதே தணலில் ஒரு பானை வைத்துவிட்டால், காலையில் மலைக்குக் கொண்டுபோகத் தண்ணீர் தயார். கொதிக்க வைத்த பானையிலேயே மூடி வையுங்கள். கோப்பையோடு கையை உள்ளே விடாமல், பிடி உள்ள அகப்பையால் எடுங்கள்.

*கை.* மலசலகூடம் போய் வந்த பிறகு, பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பிறகு, சமைக்க முன், பிள்ளைக்கு ஊட்ட முன், சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இதை மட்டும் செய்தாலே வயிற்றோட்டம் பத்துக்கு மூன்று அளவு குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையில் சாப்பிடும்போது கொழுந்துக் கறை பிடித்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு ரொட்டியைப் பிய்க்கிறோம். ஒரு போத்தல் தண்ணீரும், துணியில் முடிந்த ஒரு துண்டுச் சவர்க்காரமும் நாலு பேருக்குப் போதும்.

*மலம்.* "பச்சப் புள்ளயோட மலம், அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிக் கானில் வீசுகிறோம். வயிற்றோட்டக் கிருமி கூடுதலாக இருப்பது சின்னப் பிள்ளைகளின் மலத்தில்தான். அதையும் மலசலகூடத்தில்தான் போட வேண்டும். பிள்ளை துணியைக் குடிதண்ணீர்ப் பீலிக்கு மேலே கழுவாதீர்கள். மலசலகூடம் உடைந்து பாவிக்க முடியாமல் கிடக்கிற லயங்களும் இருக்கின்றன. அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வது நமது உரிமை. திருத்தியதைச் சுத்தமாக வைத்திருப்பது நமது கடமை.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஜீவனிப் பக்கற் வாங்கி, நனையாத இடத்தில் வையுங்கள். திகதி முடிந்ததா என்று பாருங்கள். ஒரு லீட்டர் சரியாக அளக்கிற போத்தல் ஒன்றுக்கு அடையாளம் போட்டு வையுங்கள். ஓட்டைப் போத்தல் பாடத்தை வீட்டில் உள்ள பாட்டிக்கும், பிள்ளைக் காம்பரா அம்மாவுக்கும், பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளைக்கும் செய்து காட்டுங்கள். நீங்கள் மலையில் இருக்கும்போது சின்னப் பிள்ளைக்கு வயிறு போனால், முதல் கரண்டி ஜீவனியைக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.